குருவிகளுக்கு விட்ட ஹால்

ஜனவரி 12

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் சுகத்தையும் உங்கள் சலவைக்கடையின் சுகத்தையும் எழுதவும். போன கடிதத்தில் தபால்தலையைத் தலைகீழாக ஒட்டியிருந்தீர்கள். தபாலாபீசில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவள் வீட்டுக்கு வருகிற கடிதம் என்பதால் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். போனில் பேசலாமே என்று மறுபடியும் கேட்காதீர்கள். போனில் சொன்னதை மறுநாளே "நான் எப்பச் சொன்னேன்?" என்பார்கள். எழுதினால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். மலைக்காட்டில் தீ. மழை நின்றால் காடு எரிவதும் புகை ஊருக்குள் இறங்குவதும் இங்கே பச்சைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். ஜன்னலைச் சாத்திக்கொண்டு, ரெண்டு இருமல் இருமிவிட்டு, அவரவர் வேலையைப் பார்ப்போம். உங்கள் பெண்ணுக்கு அது போதவில்லை. வருகிறவர்களை உட்காரவைக்கிற ஹாலை எடுத்துக்கொண்டுவிட்டாள். ஜன்னல் இடுக்கெல்லாம் டேப். கதவுக்கடியில் ஈரத்துண்டு. மூலையில் காற்றைச் சலிக்கிற மெஷின் ஒன்று நாள் முழுக்க உறுமுகிறது. யாருக்காக? போன வருடம் புகை ஓய்ந்த கையோடு வாங்கிவந்தாளே நான்கு குருவிகள், அவற்றுக்காக. ஃபிஞ்சாம். கட்டைவிரல் அளவுகூடத் தேறாது. அவை ஹாலில் வாழ்கின்றன. என் சோபா தாழ்வாரத்தில் வாழ்கிறது.

ஆஸ்பத்திரியில் நாளெல்லாம் மனுஷ நெஞ்சை எக்ஸ்ரே எடுக்கிறவளுக்கு வீட்டிலாவது சும்மா இருக்கத் தோன்ற வேண்டாமா? நீங்கள் செல்லம் கொடுத்ததன் பலனை நாங்கள் அனுபவிக்கிறோம். ஒரு வரி எழுதிப் புத்தி சொல்லுங்கள்.

முழங்கால் வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


ஜனவரி 21

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. தபால்தலையை இந்த முறை அளவெடுத்து ஒட்டியிருக்கிறேன். முழங்கால் தேவலை. நீங்கள் சுகம் என்று படித்து நிம்மதி.

பெண்ணிடம் சொன்னேன். "அம்மா, குருவிக்கு நுரையீரல் ரொம்பச் சின்னது. நமக்குத் தொண்டை கரகரங்கறதுக்குள்ள அதுக்கு மூச்சே நின்னுடும்" என்றாள். அந்த விஷயத்தில் நான் என்ன பேச? சோபாவுக்காக வருத்தப்படாதீர்கள். பிள்ளைகளுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடத்தில் ஒரே ஒரு தடவை அதில் நான் உட்கார்ந்தேன். எழுந்ததும் உறையைக் கழற்றி உதறினீர்கள். அப்படிப்பட்ட சோபா எங்கே இருந்தால் என்ன?

மாப்பிள்ளை உடம்பு எப்படி இருக்கிறது? அதைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லையே.

அன்புடன்,
சம்பந்தி


பிப்ரவரி 3

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

நாங்கள் சுகமாகத்தான் இருக்கிறோம், சுகமாக இருக்க விட்டால். தபால்தலை நேராக இருந்தது. பசைதான் ஒழுகியிருந்தது.

இப்போது சமையலறையும் போய்விட்டது. எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. வறுக்கக் கூடாது. நான்ஸ்டிக் சட்டியைக் காயவிட்டால் அதிலிருந்து வருகிற ஆவி குருவியைக் கொன்றுவிடுமாம், அதை மூட்டைகட்டிப் பரணில் போட்டுவிட்டாள். கொசுவத்தி கூடாது. வாசனை ஸ்பிரே கூடாது. துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, தூசு பறக்கும், ஈரத்துணியால் துடைக்க வேண்டும். என் வீட்டில் எனக்கு இன்னும் என்னென்ன அனுமதி என்று கேட்டேன். "வேகவைக்கலாம் அத்தை" என்றாள். இரண்டு வாரமாக வேகவைத்ததையே தின்கிறோம். ஆஸ்பத்திரி வார்டில்கூட இதைவிட ருசியாகப் போடுவார்கள்.

இதைவிடக் கொடுமை ஒன்று. புகை நேரத்தில் குருவிகளுக்குப் பக்கத்தில் ஒருவர் இருந்து மூச்சைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். வால் மேலும் கீழும் துடிக்கிறதா, வாயைத் திறந்து மூச்சுவிடுகிறதா என்று. அந்த உத்தியோகம் யாருக்கு? என் மகனுக்கு. ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டுகிற இன்ஜினியர் ஆபீசிலிருந்து வந்ததும் முகம் கழுவிக்கொண்டு அந்த அறைக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறான். படுக்கையையும் அங்கேயே போட்டுவிட்டாள். "என்னடா, குருவிக்குக் காவலா?" என்று கேட்டால் சிரிக்கிறான். பெண்டாட்டி சொன்னால் கிணற்றுக்குள் இறங்கி உட்காருவான் போலிருக்கிறது.

நீங்கள் கேட்டீர்கள். அவன் உடம்புக்கு ஒன்றுமில்லை. கல் மாதிரி இருக்கிறான்.

உங்கள் ஆரோக்கியத்தைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
சம்பந்தி


பிப்ரவரி 12

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

இங்கே நான் நலம். கடல் பக்கம் என்பதால் எங்களுக்குப் புகை இல்லை. டிவியில் உங்கள் மலையைக் காட்டினார்கள். ஊரே அழுக்குத் தண்ணீரில் முக்கி எடுத்த வெள்ளைத் துணி போல இருந்தது. வெளியே போனால் நீங்களும் உங்கள் சின்ன மகளும் மூக்கோடு ஒட்டிப் பிடிக்கிற நல்ல மாஸ்க்காகப் போட்டுக்கொள்ளுங்கள். துணி மாஸ்க் உதவாது. துணியைப் பற்றி எனக்குத் தெரியும்.

வேகவைத்ததைத் தின்றால் உங்கள் பித்தத்துக்கு நல்லதுதான். மாப்பிள்ளை அந்த அறையிலேயே படுப்பது எனக்குச் சந்தோஷம். ராத்திரி நன்றாகத் தூங்குகிறாரா? மாடிப்படி ஏறினால் எப்படி இருக்கிறார்?

நீங்கள் "கல் மாதிரி" என்று எழுதியதைப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன்.

அன்புடன்,
சம்பந்தி


பிப்ரவரி 27

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தில் என் பித்தம் வரைக்கும் விசாரித்ததற்கு நன்றி. நாங்கள் எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் எல்லோரும்தான். ஆளைத் தனித்தனியாக விசாரிக்க இது ஆஸ்பத்திரி இல்லை.

ஒரு நல்ல செய்தி. சின்னவளைப் பார்க்க ஒரு குடும்பம் வருகிறது. பையன் விமானத்தைப் பழுதுபார்க்கிறவன், ஒரே மகன், பெரிய இடம். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். அவர்களை எங்கே உட்காரவைப்பது? தாழ்வாரத்திலா? டேப் ஒட்டிய ஜன்னலையும் உறுமுகிற மெஷினையும் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? இந்த வீட்டில் யாரோ சீக்காளி இருக்கிறார்கள் என்றுதானே நினைப்பார்கள்? ஒரு பெண்ணைக் கரையேற்றப் பார்க்கிற நேரத்தில் அந்தப் பேச்சு எதற்கு?

எதிர்வீட்டு வக்கீலம்மா ஏற்கெனவே கேட்டுவிட்டாள், "உங்க வீட்ல யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று. குருவிக்கு என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். தெருவே என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

இரண்டு நாளாகக் காற்று திரும்பி வானம் பளிச்சென்று இருக்கிறது. ஆகவே ஞாயிறு ஒரு நாள் மட்டும் குருவிகள் பின்பக்கத் தாழ்வாரத்துக்குப் போகும். மெஷின் பரணுக்குப் போகும். அன்றைக்கு உங்கள் பெண்ணுக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி. அதுவும் நல்லதுதான். அவளுக்கு நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளவும்.

சம்பந்தி


மார்ச் 3

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

சுகம் விசாரிக்க நேரமில்லை. இதைக் கூரியரில் அனுப்புகிறேன். தபால்தலை இல்லையே என்று கோபப்படாதீர்கள்.

வானம் நீலமாக இருப்பதை நம்பாதீர்கள். காற்று எப்போது திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. வருகிறவர்களை மாடியறையில் உட்காரவையுங்கள், இல்லை நல்ல ஹோட்டலில் சாப்பிட அழைத்துப் போங்கள். செலவு என்னுடையது. குருவிகளை வேண்டுமானால் எங்கேயாவது கொண்டுபோய் வையுங்கள், அது எனக்குப் பெரிதில்லை. அந்த டேப்பை மட்டும் பிரிக்க வேண்டாம். அந்த மெஷினை நிறுத்த வேண்டாம். அப்படியும் ஹாலைத் திறப்பீர்கள் என்றால் மாப்பிள்ளையை அன்றைக்கு அங்கே உட்காரவைக்காதீர்கள். வேறு ஊருக்கு ஏதாவது வேலையாக அனுப்பிவிடுங்கள்.

உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். இப்படி நான் யாருக்கும் எழுதியதில்லை.

சம்பந்தி


மார்ச் 14

சம்பந்தி அம்மாவுக்கு,

சுகம்.

உங்கள் கூரியர் வந்தது. என் வீட்டு விருந்தாளியை எந்த அறையில் உட்காரவைப்பது என்று எனக்குச் சொல்லித்தர ஆள் தேவையில்லை. என் மகனை நாடு கடத்தவும் உங்கள் உத்தரவு தேவையில்லை. பெண்ணுக்கு அண்ணன் என்று ஒருவன் சபையில் உட்கார்ந்தால்தான் மரியாதை.

அவர்கள் வந்தார்கள். ஜன்னலெல்லாம் திறந்து, சோபாவை உள்ளே போட்டு, வாசனை ஸ்பிரே அடித்து, ஹால் ஹாலாக இருந்தது. பேச்சு சுவாரசியத்தில் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கவனித்தோம், காற்று திரும்பிவிட்டது. அவர்கள் சீக்கிரமே கிளம்பினார்கள். பையனுக்குச் சின்னவளைப் பிடித்துவிட்டது.

பின்பக்கத் தாழ்வாரத்தில் இரண்டு குருவிகள் செத்துப்போயின. அதற்காக உங்கள் பெண் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அழவும் இல்லை. குருவி குருவி என்று உயிரை விட்டவள் கூண்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விசித்திரமான பெண்.

மகன் சும்மா ஒரு பரிசோதனைக்காக ஆஸ்பத்திரியில் இருக்கிறான். சளி.

சம்பந்தி


ஏப்ரல் 5

சம்பந்தி அம்மாவுக்கு,

நான் சுகமாக இல்லை. நீங்கள் சுகமா என்று கேட்கிற மனநிலையிலும் இல்லை.

மாப்பிள்ளையும் என் பெண்ணும் இங்கே என் வீட்டில் இருக்கிறார்கள், மிச்சமிருந்த இரண்டு குருவிகளோடு. ஆஸ்பத்திரியில் முதல் இரண்டு நாள் அவர் மூக்கிலும் வாயிலும் குழாயோடு கிடந்தாராம். நீங்கள் அதற்குச் சளி என்று பெயர் வைத்தீர்கள். அவர் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தது யார் தெரியுமா? அன்றைக்கு டியூட்டியில் இருந்தவள். "மூச்சை இழுத்துப் பிடிங்கன்னு சொன்னேன்மா. அவரால பிடிக்க முடியல" என்றாள்.

எங்கள் கடையில் ஒரு பழக்கம். எந்தத் துணி வந்தாலும் தண்ணீரில் போடுவதற்கு முன் பையைத் துழாவிப் பார்ப்போம். சாவி இருக்கும், பேனா இருக்கும், காதல் கடிதம் இருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையின் கோட்டை அனுப்பினீர்கள், சம்பந்தி கடைதானே, சும்மா வெளுத்துத் தருவார்கள் என்று. உள்பையில் ஒரு இன்ஹேலர் இருந்தது. இழுப்பு உள்ளவர்கள் வாயில் வைத்து உறிஞ்சுவது. கோட்டை வெளுத்து, பெட்டி போட்டு, அதை அதே பையில் வைத்துத் திருப்பி அனுப்பினேன். "கோட்டு கிடைத்தது" என்று ஒரு வரி எழுதினீர்கள்.

என் பெண்ணிடம் சொன்னேன். "தெரியும்மா. பொண்ணு பார்க்க நம்ம வீட்டுப் படி ஏறி வந்தப்பவே பார்த்தேன். மூச்சு வாங்கறத மறைக்கப் பார்த்து மாட்டிக்கிட்டாரு. இத்தனை மோசமா மறைக்கிறவர்கிட்ட வேற எந்தப் பொய்யும் இருக்காது" என்று சிரித்தாள். கல்யாணத்துக்குச் சரி என்றாள். இதை ஏன் மறைத்தீர்கள் என்று உங்களை ஒரு நாளும் கேட்கக் கூடாது என்றும் சொன்னாள். இத்தனை நாள் கேட்கவில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். என் பெண்ணுக்குப் பறவை பிடிக்காது. சிறுவயதில் ஜன்னலில் புறா உட்கார்ந்தால் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்வாள். போன வருடப் புகையில் அவர் பட்ட பாட்டைப் பார்த்தாள். ஒரு அறையைச் சுத்தமாக வைக்கலாம் என்று உங்களிடம் கேட்டாள். "என் பிள்ளைக்கு என்ன கேடு? அவனுக்கு எதுக்குத் தனி அறை?" என்றீர்களாம். அதற்குப் பிறகுதான் குருவி வாங்கினாள். இறகு அவருக்கு ஒத்துக்கொள்ளுமா என்று டாக்டரிடம் கேட்டு, தூசு அதிகம் உதிர்க்காத சாதியாகப் பார்த்து, கூண்டைக் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வைத்து, தினமும் மூக்கைப் பொத்திக்கொண்டு தானே துடைத்தாள். குருவிக்கு என்றால் நீங்கள் திட்டுவீர்கள், ஆனால் விட்டுவிடுவீர்கள். மகனுக்கு என்றால் விடமாட்டீர்கள். உங்களை அவ்வளவு சரியாக எடைபோட்டிருந்தாள்.

எத்தனை தடவை கேட்டேன், மாப்பிள்ளை உடம்பு எப்படி என்று. தபால்தலை கோணலாக இருந்தால் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது. பெற்ற பிள்ளை மூச்சுக்குத் திண்டாடினால் தெரியவில்லை. உங்கள் கௌரவத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அதை வெளுக்க எங்கள் கடையில் மருந்து கிடையாது.

மாப்பிள்ளை மட்டும் உங்களுக்காகப் பேசுகிறார். "அம்மாகிட்ட சண்டை போடாதீங்க அத்தை. அவங்களுக்கு அந்த வியாதியோட பேரைச் சொன்னாலே பயம்" என்கிறார். பயமாம். எனக்கு அப்படித் தெரியவில்லை.

சம்பந்தி


ஏப்ரல் 24

சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அதற்குப் பதில் கிடையாது. ஒரு அதிகாரியாக இருந்தவளுக்கு அந்த மொழியில் எழுதுகிறவர்களுக்குப் பதில் எழுதிப் பழக்கமில்லை.

மகனுடைய சட்டைகளை இத்துடன் பார்சலில் அனுப்புகிறேன். எல்லாம் இங்கேயே வெளுத்தவை. உங்கள் கடைக்கு வேலை வைக்கவில்லை.

அவன் உடம்பு எப்படி இருக்கிறது?

சம்பந்தி


மே 2

சம்பந்தி அம்மாவுக்கு,

பார்சல் வந்தது. சட்டைகளில் நீலம் அதிகம்.

நீங்கள் கேட்டீர்கள். கல் மாதிரி இருக்கிறார்.

சம்பந்தி


ஜூலை 9

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே மழை பெய்து புகை அடங்கிவிட்டது. எனக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் கூட. வேறு ஒன்றுமில்லை.

உங்களுடைய போன கடிதத்துக்கு நான் நீண்ட நாள் பதில் எழுதவில்லை. அதை எழுதியவருக்கு எழுதுவதா வேண்டாமா என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். இப்போது எழுதுவதும் உங்களுக்காக அல்ல. உங்கள் ஊர் ஆபீசுக்கே மாற்றல் கேட்டு மகன் மனு போட்டிருப்பதாகச் சின்னவள் சொன்னாள். அது விஷயமாகத்தான்.

நான் கடைக்குப் போய் இரண்டு ஜோடி குருவி வாங்கிவந்தேன். அதே ஃபிஞ்ச். கடைக்காரன் ஒரு முழு முட்டாள். எது தூசு உதிர்க்காத சாதி என்று கேட்டால், "எல்லாம் நல்லாப் பாடும்மா" என்கிறான். பாட்டா கேட்டேன்? இன்னொரு கடைக்குப் போய், விவரம் தெரிந்த ஆளாகப் பார்த்துக் கேட்டு வாங்கினேன்.

ஹால் ஜன்னலுக்கெல்லாம் டேப் ஒட்டியாகிவிட்டது. உங்கள் பெண் ஒட்டியதில் மூலைக்கு மூலை இடைவெளி விட்டிருந்தாள், நான் விடவில்லை. மெஷினுக்கு வடிகட்டி புதிதாகப் போட்டிருக்கிறேன். பக்கத்தறைக்கும் ஒன்று வாங்கினேன், கரண்ட் செலவு என் தலைவிதி. சோபாவை விற்றுவிட்டேன். எண்ணெய்ச் சட்டியை வக்கீலம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன், அவள் வறுத்துத் தின்று நன்றாக இருக்கட்டும்.

சின்னவளைப் பார்த்துப்போனவர்கள் மறுபடியும் வந்தார்கள். மாடியறையில்தான் உட்காரவைத்தேன். "கீழே அது என்ன ரூம்?" என்று கேட்டார்கள். குருவிக்கு என்றேன். பையனின் அம்மா மூக்கைச் சுளித்து, "இதுங்களுக்குப் போய் இவ்வளவு செலவா?" என்றாள். அறிவு கெட்டவள். எதற்கு என்ன செலவு செய்யலாம் என்று அவளுக்கு என்ன தெரியும்? வாசல் வரை போய் வழியனுப்பவில்லை. அந்தச் சம்பந்தம் நடந்தாலும் சரி, நடக்காவிட்டாலும் சரி.

இப்போது ஒரு சிக்கல். இந்தச் சனியன்களுக்கு மூச்சு சரியாக வருகிறதா என்று எனக்குப் பார்க்கத் தெரியவில்லை. வால் ஆடுகிறது. அது நல்ல ஆட்டமா கெட்ட ஆட்டமா என்று கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்க்கிறேன், விளங்கவில்லை. பார்க்கத் தெரிந்தவன் ஒருவன்தான். ஆகவே அந்த மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு வரச் சொல்லவும். அடுத்த புகைக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன என்று சொல்வான். அவனிடம் பேச்சு வளர்க்காதீர்கள், வரச் சொல்லுங்கள். நீங்களும் கூட வந்து அறையைப் பார்த்துவிட்டுப் போகலாம். குறை இருந்தால் சொல்லலாம். இருக்காது.

உங்கள் பெண்ணும் வரட்டும். கூண்டை அவள் தொட வேண்டாம், நான் துடைத்துக்கொள்கிறேன்.

யாராவது எதற்கு இந்த அறை என்று கேட்டால், குருவிக்கு என்று நான் சொல்லிக்கொள்வேன். வீட்டில் வேறு யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அவனை அனுப்பிவையுங்கள், போதும். குருவிகளால் இந்த வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை.

இப்படிக்கு,
சம்பந்தி